என் பதினாறாம் நாளுக்கு நானே சமைத்தேன்

என் கணவர் எனக்கு நன்றி சொன்ன காலையில்தான் முதன்முதலாகப் பயந்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் நீட்டும் காப்பியை, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக் குடிக்கிற மனிதர் அவர். சூடு குறைந்திருந்தால் மட்டும் என் முகத்தைப் பார்ப்பார். அன்றைக்கு எழுந்து நின்றார். இரண்டு கைகளாலும் டம்ளரை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க. ஒங்களுக்குத்தான் வீண் சிரமம்" என்றார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசுகிற குரல்.

"நக்கலா?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார். குடிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. காய்ச்சலில் கிடந்து எழுந்த அசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மின்வாரியத்தில் புகார்களுக்குப் பதில் சொல்கிற வேலை பார்த்தவள் நான். எதையும் 'சீக்கிரம் சரியாகிவிடும்' என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அது பழகிவிட்டது.

அந்த வருடம் உறக்கக் காய்ச்சல் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டையும் விடவில்லை. வைரஸ் உள்ளே போனால் ஆள் ஒரு வாரம் தூங்குவார். தட்டி எழுப்பிக் கஞ்சி கொடுத்தால் குடிப்பார், மறுபடி தூங்குவார். பிறகு ஒரு காலையில் எழுந்து பசிக்கிறது என்பார். அவ்வளவுதான். இறந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களின் உடலை ஆஸ்பத்திரியில் வீட்டுக்குத் தருவதில்லை, அங்கேயே எரித்துவிடுவார்கள். என் கணவர் குற்றாலிங்கம் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவர். அவரும் தூங்கினார், எழுந்தார், பசிக்கிறது என்றார். பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய்கூட உடைத்துவிட்டு வந்தேன். எனக்குக் காய்ச்சல் வரவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம். கதவைத் திறந்தால் தென்காசியிலிருந்து அவருடைய அக்கா பிரம்மசக்தி மதினி. பின்னால் இன்னொரு காரில் என் தம்பி சங்கரபாண்டி, அவன் பெண்டாட்டி, ஒன்றுவிட்ட சித்தப்பா, இன்னும் யார் யாரோ. மாஸ்க் போட்ட முகங்களில் எல்லாக் கண்ணும் சிவந்திருந்தது.

"வாங்க மதினி, வாங்க வாங்க. என்ன ஒரு போன்கூட இல்லாம?" என்றேன்.

யாரும் அசையவில்லை. சங்கரபாண்டியின் கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை இருந்தது. அதிலிருந்து ஒரு சேலை பாதி எட்டிப் பார்த்தது. புதுச் சேலை, மஞ்சள் நிறம். எனக்கு மஞ்சள் பிடிக்காது என்று இத்தனை வருடமாகத் தெரியாதவன் என் தம்பி. அதைத்தான் முதலில் நினைத்தேன். அதற்கு அடுத்துதான், அது பிறந்த வீட்டுக் கோடி என்பது உறைத்தது. செத்த பெண்ணுக்கு உடன்பிறந்தவன் கொண்டுவந்து போடுகிற சேலை.

"மங்கையர்க்கரசி," என்று மதினி மெதுவாகச் சொன்னார். "நீ உயிரோடயா இருக்க?"

முந்தின நாள் என் கணவர் அக்காவுக்கு ஒரே ஒரு போன் செய்திருக்கிறார். தான் தூங்கிக்கொண்டிருந்தபோது எனக்கும் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் இறந்து, அங்கேயே எரித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு ஒருவரும் எங்கள் வீட்டுக்குத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் துட்டி என்று சாவுச் செய்தி சொன்னவரிடம் 'நிஜமாவா' என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது மரியாதை இல்லை. அழுவார்கள், அடுத்த ஆளுக்குச் சொல்வார்கள், கிளம்புவார்கள். கரண்ட் போனால் பத்துத் தடவை போன் செய்து கேட்கிற ஜனங்கள்தான், உயிர் போனதற்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

உள்ளிருந்து அவர் வந்தார். சவரம் செய்யாத முகம், தோளில் துண்டு. அக்காவைப் பார்த்ததும் உதடு துடித்தது. "அக்கா, போயிட்டாக்கா" என்றார்.

"தம்பி, இந்தா நிக்காளே. கண்ண தொறந்து பாரு. ஒம் பொண்டாட்டி உயிரோட நிக்கா." மதினி என் தோளைப் பிடித்து அவருக்கு எதிரே தள்ளினார்.

அவர் என்னைப் பார்த்தார். முந்தின நாள் பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்ப்பதுபோல் பார்த்த பார்வை இல்லை இது. என் முகத்தில் ஒவ்வோர் இடமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"இவ வாங்கன்னு கூப்பிட்டா," என்றார். சத்தமே இல்லாத குரல். "துட்டி வீட்டுக்கு வந்தவங்கள எவளாவது வாங்கன்னு கூப்பிடுவாளா? எம் மங்கை அப்படிக் கூப்பிடுவாளா? அக்கா, இது அவ மூஞ்சியப் போட்டுக்கிட்டு வந்திருக்கு."

தேங்காய் வெட்டுகிற அரிவாள் பின்கட்டுக் கதவோரம் இருக்கும். அவர் அதை எடுக்கத் திரும்பியதை நான் புரிந்துகொள்வதற்குள் சங்கரபாண்டி பாய்ந்து அவரைக் கட்டிப் பிடித்தான். சித்தப்பாவும் போய்ப் பிடித்தார். என்னை யாரோ தெருவுக்கு இழுத்தார்கள். கால் செருப்பில்லாமல் காரில் ஏறி உட்கார்ந்தேன். சித்தப்பாவை அவருக்குக் காவல் வைத்துவிட்டு மற்றவர்களும் வந்து ஏறினார்கள்.

டாக்டர் ஜெபராணி நகரத்தில் மனநோய் பார்ப்பவர். அவர் அறைக்கு வெளியே அத்தனை கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஒருவர் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மாசம் நிறைய பார்த்துட்டேன். வைரஸ் போயிடுது. அதைத் துரத்தப் போன நம்ம எதிர்ப்பு சக்தி, போற வழியில மூளையில ஒரு சின்ன இடத்தையும் கடிச்சு வச்சிடுது."

"எந்த இடம்?"

"நம்ம ஆள பாத்தா உள்ள ஒரு கதகதப்பு வருமில்ல? முகத்தைக் கண்ணு அடையாளம் காணுது. 'இது நம்ம ஆளு'ன்னு சொல்றது அந்தக் கதகதப்புதான். அது அவருக்கு அணைஞ்சு போச்சு. ரொம்ப நெருக்கமான ஒருத்தர்கிட்டதான் முதல்ல அணையும். ஒங்களப் பாத்தா ஒண்ணுமே தோணல. ஏன் தோணலைன்னு மூளை ஒரு காரணம் தேடுது. ஊரெல்லாம் சாவு. நீங்க செத்துட்டீங்கன்னு முடிவு பண்ணிடுது."

"நான் உயிரோட இருக்கேன்னு எடுத்துச் சொன்னா?"

"சொல்லக் கூடாது. இதுதான் முக்கியம். செத்தவ முன்னால வந்து நின்னு, நான் சாகலன்னு சொன்னா அது பேயின்னு ஆகிடும். எடுத்துச் சொன்ன ரெண்டு குடும்பத்துல கொலை விழுந்திருக்கும்மா. ஊசி இருக்கு. தினம் போட்டா ஒரு மாசத்துல அந்த இடம் ஆறிடும். அதுவரைக்கும் அவர் நம்புறத எல்லாரும் நம்புங்க."

"இங்க சேத்துக்கோங்களேன்," என்றான் சங்கரபாண்டி.

"தரையிலகூட எடம் இல்ல. தனியாவும் விட்ராதீங்க. அவர் துக்கம் நிஜமான துக்கம். தனியா விட்டா உயிர மாச்சுக்குவார். பக்கத்துல ஆள் வேணும்." டாக்டர் என்னைப் பார்த்தார். "அந்த ஆள் மங்கையர்க்கரசியா இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

மதினிக்கு முழங்கால் மடங்காது. தம்பிக்குக் கடை. பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. காருக்குள் எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்கள். நானே போகிறேன் என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. அரிவாளை நினைத்தால் அந்தத் தெருப் பக்கமே போகத் தோன்றவில்லை. ஆனால் அவர் தூக்கில் தொங்குவதை நினைத்தால் காரில் உட்காரவும் முடியவில்லை.

அப்படித்தான் பொன்னுத்தாய் ஆனேன். மதினி தென்காசியிலிருந்து அனுப்பிய சமையல்காரி. மூக்குத்தியைக் கழற்றினேன். மாஸ்க் காய்ச்சல் காலத்தில் எல்லோரும் போடுவதுதான், கண்ணுக்கு அடியிலிருந்து தாடைவரை மறைத்தது. வேறு கொண்டை, பருத்திச் சேலை, வாயைத் திறந்தால் கொஞ்சம் கரகரத்த குரல். முதல் நாள் சாம்பார்க் கரண்டியோடு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊசி போட வந்த நர்ஸிடம் கையை நீட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

காரியம் செய்ய வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். மதினிக்கு அதில் சம்மதமே இல்லை. "சுமங்கலிக்கு உயிரோட பதினாறாம் நாள் கும்பிட்டா அது சும்மா போகுமா? நாம சொல்லுத வார்த்தை நம்ம தலையிலதான் விடியும்" என்று அடுப்படியில் என்னிடம் கிசுகிசுத்தார். டாக்டரிடம் கேட்டோம். நடத்துங்கள் என்றார். தடுத்தால் சந்தேகம் வரும்.

நடத்தினோம். என் போட்டோவுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, முன்னால் இலை விரித்தார்கள். அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். நான் அடுப்படியில் நின்று எனக்குப் படைக்க எனக்குப் பிடித்த அவியல் வைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் முதலில் கூச்சத்தோடுதான் அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் அது மாறியது. என் தம்பி பெண்டாட்டி நிஜமாகவே தேம்பினாள். சங்கரபாண்டி துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினான். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வச்சிட்டுப் போங்கம்மா" என்றான், என்னை நிமிர்ந்து பார்க்காமல். நான் அவனுடைய அக்கா என்பது அந்த நிமிஷத்தில் அவனுக்கு ஞாபகம் இல்லை. நோய் வேண்டாம், விஷம் வேண்டாம், வெறும் அழுகை போதும் போலிருக்கிறது ஒருத்தியைச் சாகடிக்க. அரிவாளுக்குப் பயந்ததைவிட அன்றைக்கு அதிகமாகப் பயந்தேன்.

பிறகு வீட்டில் அவரும் நானும் மட்டும். நாள் போகப் போக அவர் பேச ஆரம்பித்தார். சமையல்காரியிடம் எதையும் பேசலாம் போலும்.

"அவளுக்குக் கோபம் ஜாஸ்திம்மா," என்றார் ஒரு நாள், முருங்கைக்காயைச் சவைத்துக்கொண்டே. "கோபப்பட்டான்னா வீட்டுல மின்விசிறி ஓடுத சத்தம்கூட எனக்குத் தப்பா கேட்கும். ஆனா ஒண்ணு, அவ கோபப்படாத அன்னிக்கு எனக்குச் சோறு எறங்காது. ஒடம்புக்கு முடியலையோன்னு தோணும்."

"அத அவுககிட்ட சொன்னியளா ஐயா?"

"அதெல்லாம் எங்க சொல்ல."

அடுப்படிக்கு ஓடி வந்து குழாயைத் திறந்து விட்டு அழுதேன். அந்த ஆளின் வாயிலிருந்து இதை வரவழைக்க நான் செத்துப்போக வேண்டியிருந்தது. கோபம்கூட வந்தது. கோபப்பட வேண்டியவள் மங்கையர்க்கரசி, நான் பொன்னுத்தாய் என்பதால் மூக்கைச் சிந்திவிட்டு மோர் எடுத்துக்கொண்டு போனேன்.

மாதம் முடிகிற சமயத்தில் அவர் மாறினார். நான் கூடத்துக்குள் வந்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுவார். சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். என் கண்ணைப் பார்ப்பதே இல்லை. தப்பித்தவறிப் பார்த்துவிட்டால் நெருப்பில் கை வைத்தவர்போல் உதறித் திரும்பினார். ஒரு தடவை நான் இருமியபோது அவர் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. அரிவாளை அப்போதே தம்பி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தேன். இருந்தாலும் அன்றிலிருந்து அடுப்படியில் கத்தி எங்கே இருக்கிறது என்று பார்த்தபடியேதான் சமைத்தேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன்.

"நேத்துதான் ஸ்கேன் வந்துச்சு. நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் ஜெபராணி. குரலில் சந்தோஷம். "முழுசா ஆறிடுச்சும்மா. மூளையில ஒரு குறையும் இல்ல. ஒங்க வீட்டுக்காரர் இப்ப என்னையும் ஒங்களையும் மாதிரி நல்ல புத்தியோட இருக்கார்."

"அப்ப ஏன் நான் செத்துட்டேன்னே இன்னும் நெனைக்கார்?"

"நோய் போயிடுச்சு. ஆனா நாம எல்லாரும் சேர்ந்து சொன்னது இருக்கில்ல, அது போகாது. கூடப்பிறந்த அக்கா சொன்னாங்க, ஊரே வந்து அழுதுச்சு, டாக்டர் நானே ஆறுதல் சொன்னேன். நல்ல புத்தி உள்ள ஆள் இத்தனை பேர் சொன்னா நம்பத்தான் செய்வார். நாளைக்குக் காலையில நான் வரேன், அக்காவையும் வரச் சொல்லுங்க. எல்லாரும் உக்காந்து மெதுவா சொல்லுவோம். அதுவரைக்கும் வாயத் திறக்காதீங்க."

சரி என்றுதான் சொன்னேன். இத்தனை நாளாகச் செத்துக் கிடந்தவள், இன்னும் ஒரு நாள் கிடக்க முடியாதா. ஆனால் மத்தியானம் அவரே மாடியிலிருந்து இறங்கி வந்து, கூடத்தில் என்னை உட்காரச் சொன்னார். அவர் நின்றார்.

"ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல பொன்னுத்தாயம்மா. நீங்க ஊருக்குக் கெளம்பிருங்க. அக்காகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"நான் என்ன செஞ்சேன் ஐயா?"

"நீங்க ஒண்ணும் செய்யல. எனக்குத்தான் சரியில்ல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒரு வாரமா ஒங்கள பாத்தா எம் பொண்டாட்டியாத் தெரியுது. கண்ணு, நடை, இருமுதது, கரண்டிய வைக்கிற சத்தம் எல்லாம். ஒங்கள பாத்ததும் நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது. அவ செத்து மாசம் ஆகல. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சும்மா. வெளிய சொன்னா கட்டிப்போட்டு வச்சிருவாங்கன்னு பயந்து யார்ட்டயும் சொல்லல."

டாக்டர் சொன்னது என் காதில்தான் இருந்தது. ஆனால் இதைக் கேட்டபிறகு எவள் வாயை மூடிக்கொண்டு இருப்பாள்? மாஸ்க்கைக் கழற்றினேன்.

"பைத்தியம் இல்லைங்க. நான்தான். மங்கைதான். நான் சாகல. ஒங்களுக்கு அப்ப ஒடம்பு சரியில்லாம இருந்தது. டாக்டரம்மா சொல்லித்தான் எல்லாரும் பொய் சொன்னோம்."

அவர் பின்னால் நகர்ந்தார். சுவர் முதுகில் இடித்தது. முகத்தில் கோபம் வரும், அடிப்பார் என்று எதிர்பார்த்துக் கையைத் தூக்கித் தடுத்துக்கொண்டேன். கோபம் வரவில்லை. அப்படி ஓர் அன்பு வந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இப்படித்தான் சொல்லுவன்னு எனக்குத் தெரியும் மங்கை," என்றார். "ஒரு வாரமா கனவுல இதத்தான் சொல்லுத."

"கனவு இல்லைங்க. என்ன வேணாலும் கேளுங்க. நமக்கு மட்டும் தெரிஞ்சது எதையாவது கேளுங்க, சொல்லுதேன்."

"கேட்டா சரியாத்தான் சொல்லுவ. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒனக்கும் தெரியும். நீ எம் மூளையிலேருந்துதான வாற." வகுப்பில் நிரூபணத்தை முடிக்கிற குரல் அது. "எனக்கு ரெண்டே வழிதான் இருக்கு. எங்க அக்கா, ஒந் தம்பி, டாக்டர், நர்ஸ், காரியத்துக்கு வந்த அத்தன பேரும் கூடிப் பேசி எங்கிட்ட பொய் சொன்னாங்கன்னு நம்பணும். இல்ல, எனக்குக் கிறுக்குன்னு நம்பணும். எது நடக்கக்கூடிய காரியம், நீயே சொல்லு."

நாளைக் காலையில் வந்து உண்மை சொல்லப் போகிறவர்கள் யார்? பொய் சொன்ன அதே ஆட்கள். அவர்கள் வந்து அழுது சத்தியம் செய்தாலும், அவர்களையும் தன் மூளைதான் பேச வைக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். கணக்கு தெரிந்த மனிதர்.

"தொட்டுப் பாருங்க," என்று கையை நீட்டினேன்.

"வேண்டாம்மா. தொட்டா பெறவு ஒன்ன விடமாட்டேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். ஊசி ஆரம்பித்த காலத்தில், இல்லாத ஆள் யாராவது கண்ணுக்குத் தெரிந்தால் ஒன்று போடச் சொல்லி டாக்டர் கொடுத்த மாத்திரை. இதுவரை திறந்ததே இல்லை. ஒன்றை எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினார். சுவரோடு சரிந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் வந்தது.

"போயிட்டு வா மங்கை," என்றார். "இந்த ஒரு வாரம் நல்லா இருந்தது."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நகரக் கூடாது என்று நினைத்தேன். அவர் கண்ணைத் திறக்கும்போது நான் இருக்க வேண்டும். செத்தது போதும்.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் பார்த்த பயங்களிலெல்லாம் பெரிய பயம் அவர் முகத்தில் இருந்தது.

"இன்னும் போகலையா?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது மாத்திரையை எடுத்தார்.

"வேண்டாங்க. ஒண்ணுக்கு மேல போடக் கூடாது. கேளுங்க."

"பேசாத. நீ பேசப் பேச எனக்குக் கூடுது." விழுங்கினார். டப்பாவைக் கவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்க ஓரடி எடுத்து வைத்தேன். அந்த ஓரடிக்கே, இருந்த மாத்திரை முழுவதையும் வாய்க்குக் கொண்டுபோனார். நான் நின்றேன். அவர் கையும் வாய்க்கு முன்னால் நின்றது. நான் ஓரடி பின்னால் வைத்தேன். கை கொஞ்சம் கீழே இறங்கியது.

அவரைப் பார்த்தபடியே பின்னால் நடந்தேன். கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, வாசல் கதவுக்கு வெளியே வந்து சுவர் மறைவில் ஒட்டி நின்றுகொண்டேன். தெருவில் வெயில் கொளுத்தியது. எதிர் வீட்டு அம்மா, உண்மை தெரிந்தே என் காரியத்தில் அழுது சாப்பிட்டுப் போனவள், முகத்தில் மாஸ்க் இல்லாத என்னைப் பார்த்துவிட்டு வேகமாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மாத்திரைகள் திரும்ப டப்பாவுக்குள் விழுகிற சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றேன்.